முப்பத்து நாலாம் நம்பர் வீடு

அத்தியாயம் 11

இயேசுதாசன் வாத்தியாரை அடக்கம் செய்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. போன வாரம் நாம் அந்த வீட்டை விட்டு வந்தபோது, அவர் மகன் ஜெபதாஸ் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வாரம் போய்ப் பார்த்தால் அதே நாற்காலி, அதே சுவர். சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சித்தூரில் கீழே ஆறு கடையும் மேலே ஆறு குடித்தனமுமாக ஒரு கட்டிடம். மேலே மூன்றாவது குடித்தனம் இவர்களுடையது. ஒரு கூடம், ஒரு சமையலறை. இத்தனை நாளும் அதில் வாத்தியார், ஜெபதாஸ், அவன் மனைவி கிருபாபாய், தங்கை யூனிஸ் என்று நாலு பேர். புருஷன் பெண்டாட்டிக்கென்று தனி அறை கிடையாது. கூடத்தின் நடுவே கொடியில் ஒரு பழைய புடவை தொங்கும். எட்டு வருஷமாக அதுதான் கதவு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கட்டிடத்துக்குப் படம் வரைந்தவனே ஜெபதாஸ்தான். இன்ஜினீயர் வெங்கடரமணன் ஆபீசில் டிராப்ட்ஸ்மேன் வேலை. சேர்ந்த புதிதில், மாடிப்படியை நாலடியிலிருந்து இரண்டரை அடியாகச் சுருக்கி, மிச்சமான இடத்தை வைத்து ஐந்து கடையை ஆறாக்கிக் காட்டினான். "சிக்கனமான கைடா உனக்கு" என்று இன்ஜினீயர் முதுகில் தட்டினார். அன்று வீட்டில் பாயசம்.

அந்தப் படியில்தான் வாத்தியாரின் பெட்டி மாட்டிக்கொண்டது.

சபை வழக்கம் இப்படி. இறந்தவரைப் பெட்டியில் கிடத்தி, வீட்டில் ஜெபம் முடித்து, மூடி வைத்து ஆணி அடித்த பிறகுதான் வாசல் தாண்டுவார்கள். பெட்டி காலியாக வந்தபோது அதை நட்டமாக நிமிர்த்தி ஏற்றிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. போகும்போதுதான் தெரிந்தது. உள்ளே ஆள் இருக்கும் பெட்டியை நிமிர்த்த முடியுமா? படி திரும்புகிற மூலையில் பெட்டி சுவரை இடித்து நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, திருப்பவும் முடியவில்லை.

மறுபடி மேலே தூக்கிப் போனார்கள். அடித்த ஆணியைப் பிடுங்கினார்கள். கீழே கடலை மண்டி வைத்திருக்கும் பச்சையப்பன் ஓடி வந்து, யாரையும் கேட்காமல் வாத்தியாரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஜெபதாஸ் பின்னாலேயே இறங்கினான். அவன் கையில் பெட்டி மூடி இருந்தது.

அதோடு அவனுக்கு மரத்துப்போனது. அழவில்லை. பசி இல்லை. தூக்கம் வந்தது, நன்றாகவே வந்தது. அதுதான் கிருபாபாய்க்குப் பயமாக இருந்தது.

"இன்னாங்க, காபி ஆறிப்போச்சு."

"உம்."

"இன்னிக்கு சனிக்கிழமை. ரெண்டு மணிக்கு சங்கத்து மீட்டிங்கு. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

பழைய வண்டிப்பேட்டை நிலத்தில் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒரு பெரிய கட்டிடம் எழுப்பப் போகிறது. கீழே பதினெட்டு கடை. மேலே இரண்டு மாடி, முப்பத்தாறு வீடு. மனு போட்ட வரிசைப்படி வீடு. வாத்தியாரின் மனு முப்பத்து நாலாம் நம்பர். அவர் போனபின் அது மகன் பேருக்கு மாறியிருக்கிறது. இரண்டு அறை, நடுவில் நிஜமான மரக்கதவு. படம் வரைந்தது வழக்கம்போல ஜெபதாஸ். படிக்கட்டு வழக்கம்போல இரண்டரை அடி. வாத்தியார் நன்றாக இருந்தபோது வரைந்தது அது.

கிருபாபாய் அவன் எதிரில் வந்து நின்றாள். சுவரை மறைத்தால்தான் அவளைப் பார்ப்பான் என்று தெரிந்திருந்தது.

"நீங்க இன்னா நினைச்சிக்கினு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் படியைப் பெருசாக்கினா எத்தினி வீடு போகும்?"

"நாலு வீடு. ரெண்டு கடை."

"அப்போ கடைசி நாலு நம்பர் வெளிய. அதுல ஒண்ணு நாம்ப."

"ஆமா."

"யாரும் கேக்கப்போறதில்ல. நீங்களா வாயைத் தொறக்காதீங்க. இவ்ளோதான் நான் கேக்கறது. எட்டு வருசமா புடவைக்குப் பின்னால படுத்துக்கினு கீறேன். மாமா இருமினா எனக்குக் கேக்கும், நான் திரும்பிப் படுத்தா அவருக்குக் கேக்கும். எனக்கு ஒரு கதவு வேணும்ங்க. சாத்தினா சாத்தணும், அந்த மாதிரி கதவு."

"சரி."

"சரின்னா?"

"சரிதான், கிருபா. சொல்லலே."

அவன் குரலில் வருத்தமும் இல்லை, வாக்குக் கொடுக்கிற உறுதியும் இல்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்வார்களே, அப்படி இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "நான் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றேன். ரெண்டு நாளா தலை சுத்துது" என்றாள்.

"உம்" என்றான். ஏன் சுற்றுகிறது என்று கேட்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

யூனிஸ் சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளும் அழவில்லைதான். ஆனால் அவள் விஷயம் வேறு; அன்றிலிருந்து ஓயாமல் எதையாவது துலக்கிக்கொண்டே இருந்தாள். கையில் இப்போது ஒரு பித்தளைச் செம்பு.

"அண்ணா."

"சொல்லு."

"பச்சையப்பன் மாமா தூக்கிக்கினு இறங்கறப்போ நைனாவோட கறுப்புக் கோட்டு சுவத்துல உரசிடிச்சி. தோள்பட்டை பூரா வெள்ளை. கல்லறை வரைக்கும் தட்டிக்கினே வந்தேன். போகவே இல்ல."

"சுண்ணாம்பு. ஈரத்துணி போட்டாதான் போகும்."

"ஆமா. எனக்கு அப்போ தோணல." செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள். "வர்றேன்."

அண்ணனும் தங்கையும் பேசியது அவ்வளவுதான். சமையலறையில் நின்று கேட்ட கிருபாபாய்க்கு மயிர் கூச்செறிந்தது. பேசியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

●

ஜெபதாஸ் படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினான். மூலையில் சுவரில் ஒரு கீறல், பெட்டி இடித்த இடம். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறான். பார்க்கிறான், போகிறான்.

கடலை மண்டி வாசலில் பச்சையப்பன் மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, விஜயபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். சத்தமாகப் பேசுகிற மனுஷர், அன்றைக்குப் பிறகு ஜெபதாசைக் கண்டால் மட்டும் குரலைத் தணித்துக்கொள்கிறார்.

"தம்பி, மீட்டிங்குக்கா? நானும் வந்துருவேன். புதுசுல எனக்குப் பதினேழாம் நம்பர் கடை, தெரியுமில்ல? இந்தப் பொந்துல குந்திக்கினு எட்டு வருசம் ஓட்டிட்டேன். கையை நீட்டினா இந்தச் சுவரு, காலை நீட்டினா அந்தச் சுவரு."

ஜெபதாஸ் தலையாட்டினான். அந்தப் பொந்து எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியும். அது படிக்கட்டிலிருந்து வெட்டி எடுத்த ஒன்றரை அடியில் பிறந்த கடை. இன்றைக்குப் புதுக் கட்டிடத்தில் படி அகலமானால் போகப்போகிற இரண்டு கடைகளில் இவருடைய பதினேழும் ஒன்று. மனுஷருக்கு அது தெரியாது.

●

வண்டிப்பேட்டைத் தகரக் கொட்டகையில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். சங்கத் தலைவர் கங்கையா இடது கையில் புத்தூர்க் கட்டோடு வந்திருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாராம். மூங்கில் பத்தையும் துணியுமாக அந்தக் கை பெரிசாக இருந்தது. அதையே மேஜைமேல் வைத்து, சுத்தியலுக்குப் பதிலாகத் தட்டிக் கூட்டத்தை அடக்கினார். வலித்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

"ரண்டி, எல்லாரும் முன்ன வாங்க. விசயம் சின்னது. ஏப்ரல் ஒண்ணாந்தேதி திருத்தணி நம்ம ஆந்திராவை விட்டு மெட்ராஸ் பக்கம் போகுது. அங்க இருக்கற நம்ம ஆளுங்க பெட்டி படுக்கையோட இங்க வராங்க. இப்பவே ஊருல வாடகைக்கு ஒரு தரை வீடு கிடையாது. அதனால எத்தினி வீடு கட்ட முடியுமோ அத்தினி கட்டணும். நான் கேக்கறேன், ரெண்டு மாடி எதுக்கு? மூணு போடு!"

"அஸ்திவாரம் தாங்காது சார்" என்றார் இன்ஜினீயர் வெங்கடரமணன். மூணு என்ற பேச்சு அதோடு சரி.

பிறகு ஆளாளுக்குக் கிளம்பினார்கள். அவரவர் வீட்டுக் குறையை ஊர்க் குறையாகப் பேசுவது நம் ஜனங்களுக்குக் கைவந்த கலை. ஒருவர், மாடியே வேண்டாம், ஆளுக்கொரு தரை வீடு, ஆளுக்கொரு கிணறு என்றார். அப்படியானால் பன்னிரண்டு குடும்பம்தான் பிடிக்கும், மிச்சம் இருபத்து நாலு பேரை யார் வீட்டுக் கிணற்றில் தள்ளுவது என்று பின்னாலிருந்து கேள்வி வந்தது. கீழே மாவு மில் வைக்கப்போகிறவர் மில் ஓடினால்தான் கடைவீதி களைகட்டும் என்றார். மேலே குடியிருக்கப்போகிறவர் தொட்டில் ஆட்டக் கயிறு வேண்டாம், மில்லே ஆட்டிவிடும் என்றார். கொட்டகை சிரித்தது.

"திருப்பதியிலே ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாருங்கய்யா" என்றார் ஒரு தபால்காரர். "கீழே ஓட்டலு, மேலே ரூமு. புகை பூரா மேலேதான். ஆனா அங்க வர்றவன் ஒரு ராத்திரி தங்கி, மொட்டை போட்டுக்கினு போயிடறான். நாம்ப ஆயுசு பூரா இருக்கப்போறோம். ஜன்னலை எந்தப் பக்கம் வெக்கறதுன்னு யோசிங்க."

அது நல்ல பேச்சு. ஜன்னல் தெருப்பக்கம் மாறியது. மில் கடைசிக் கடைக்குத் தள்ளப்பட்டது. சண்டை போட்டாலும் கட்டிடம் கொஞ்சம் கொஞ்சமாக மனுஷர் வசிக்கிற இடமாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. ஜெபதாஸ் சுவரில் மாட்டிய படத்தின் பக்கத்தில் குச்சியோடு நின்றான். சொன்ன இடத்தைக் காட்டினான், கேட்டதற்கு அளவு சொன்னான். காதில் விழுந்தது எதுவும் உள்ளே போகவில்லை.

"அயிபோயிந்தி" என்றார் கங்கையா. "முடிஞ்சுது. ஓட்டுக்கு விடலாமா?"

"ஒரு நிமிசம், சாமி."

கடைசி வரிசையிலிருந்து மணியம்மா எழுந்தாள். சந்தைப்பேட்டையில் இட்லிக் கடை போடுகிறவள். மனு நம்பர் முப்பத்து மூன்று. புருஷன் மூச்சு இரைப்புக்காரன், வருஷத்தில் பாதி நாள் படுக்கை.

"எனக்குப் படம் கிடம் புரியாது. தம்பி, உன்னைத்தான் கேக்கறேன். என் ஊட்டுக்காரருக்கு இழுப்பு வந்தா கட்டிலோட தூக்கிக்கினுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். எறக்கி வெச்சி, குந்த வெச்சி எல்லாம் ஆவாது. ரெண்டாம் மாடியிலேர்ந்து கட்டிலு எறங்குமா?"

சாதாரணக் கேள்விதான். வெங்கடரமணன் அதைச் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டார். "எறங்கும், எறங்கும். சொல்லுப்பா ஜெபதாஸ்."

மூன்றாவது வரிசையில் பச்சையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெபதாசைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார், வேண்டாம் என்பதுபோல. தன் கடைக்கும் வினை என்று அப்போதுதான் உறைத்ததோ, அந்த நாளை அவன் வாயால் கேட்கவேண்டாம் என்று நினைத்தாரோ, அவருக்கே தெரியும்.

ஜெபதாசுக்குக் கிருபாபாய் ஞாபகம் வந்தது. காலையில் சரி என்று சொன்னது ஞாபகம் வந்தது. யாரும் கேட்கப்போவதில்லை என்று அவள் சொன்னாள். ஆனால் கேட்டுவிட்டார்களே.

"எறங்காதும்மா" என்றான்.

கொட்டகையில் சத்தம் நிற்கவில்லை. பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. வெங்கடரமணன்தான் முகம் மாறி, "கட்டிலை நிமிர்த்திப் பிடிச்சா இறங்கும்டா. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே இறக்கறாங்க" என்றார்.

"கட்டிலை நிமிர்த்தலாம். ஆளை நிமிர்த்த முடியுமா சாமி?" என்றாள் மணியம்மா.

சிலர் சிரித்தார்கள். ஜெபதாஸ் குச்சியைப் படிக்கட்டு மூலையில் வைத்தான்.

"இந்தத் திருப்பம் ரெண்டரைக்கு ரெண்டரை. ஆறடி நீளச் சாமான் படுத்தபடி இதுல திரும்பாது. நாலடி வேணும். எங்க நைனாவைப் பெட்டியில வெச்சி, ஆணி அடிச்சிட்டுத் தூக்கினோம். இதே அளவு படி. நான் வரைஞ்சதுதான். திரும்பலே. ஆணியைப் பிடுங்கி, நைனாவை வெளிய எடுத்து, ஒருத்தர் தோளில போட்டுக்கினு எறக்கினாரு. வெறும் பெட்டியை நட்டமா நிமிர்த்தி அப்புறமா எறக்கினோம். தெருவிலே வெச்சி மறுபடி ஆணி அடிச்சோம்."

அளவு சொல்கிற அதே குரல். அதனால்தானோ என்னவோ, இந்தத் தடவை கொட்டகை அடியோடு அடங்கிவிட்டது. மணியம்மா மாரில் கை வைத்துக்கொண்டாள். பச்சையப்பன் தரையைப் பார்த்தார்.

"நாலடி வெச்சா எத்தினி போகும்?" என்று கங்கையா மெதுவாகக் கேட்டார். கட்டுப்போட்ட கை மேஜைமேல் அப்படியே கிடந்தது.

"கடையில பதினேழு, பதினெட்டு. வீட்டுல முப்பத்து மூணுலேர்ந்து முப்பத்தாறு வரைக்கும்."

"நீ எத்தினாம் நம்பர்?"

"முப்பத்து நாலு."

ஓட்டெடுப்பு நடந்தது. நாலடிக்கு இருபத்தாறு கை. ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை நம்பர் உள்ளவர்களுக்குத் தாராள மனசு பொங்கி வழிந்தது. வீடு போகிறவன் பக்கத்து வரிசையில் இருந்தால் தர்மம் செய்வது சுலபம். எதிராக ஒன்பது கை. மணியம்மா நாலடிக்குத் தூக்கினாள். தூக்கிவிட்டு, தூக்கின கையாலேயே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெபதாசும் நாலடிக்குத்தான் தூக்கினான். அவன் கையில் இருந்த சங்க அட்டையில் மட்டும் இன்னும் இயேசுதாசன் என்ற பேர்தான்.

பச்சையப்பன் இரண்டுக்கும் கை தூக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"எல்லாம் புதுசா வரையணும், தெரியுதா?" என்றார் வெங்கடரமணன். கோபத்தைவிட வேறு ஏதோ அவர் முகத்தில் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் முதுகில் தட்டிய கை அவருடையது அல்லவா? "திங்கக்கிழமைக்குள்ள."

"சரி சார்."

●

வீட்டுக்கு வரும்போது மணி ஆறு. யூனிஸ் பாட்டுப் பயிற்சிக்கு ஆலயத்துக்குப் போயிருந்தாள். கூடத்தில் கொடி வெறுமையாக இருந்தது. புடவையைக் கழற்றி மடித்துக் கிருபாபாய் மடிமேல் வைத்திருந்தாள். வாத்தியாரின் காலிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"போச்சு, கிருபா" என்றான்.

"தெரியும். மணியம்மா வந்து சொல்லிட்டுப் போச்சு. உன் ஊட்டுக்காரன் நல்ல மனுசன்னு சொல்லிச்சு. அதுக்கும் வீடு போச்சு, எனக்கும் வீடு போச்சு. ரெண்டு பேரும் உக்காந்து உங்களைப் புகழ்ந்துக்கினு இருந்தோம்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றுகூட எங்கோ ஒரு மூலையில் தோன்றியது.

"கேட்டாங்க. அதனால சொன்னேன்."

"நான் கோபமா இல்லீங்க. மாமாவுக்கு ஆனது இன்னொருத்தருக்கு ஆகக்கூடாதுன்னு நினைச்சீங்க. அது தப்பில்ல." அவள் புடவை மடிப்பை விரலால் நீவினாள். "காலையில ஆஸ்பத்திரிக்குப் போனேனே. இன்னா ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

"இன்னா ஆச்சு?"

"மூணு மாசம்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளையே பார்த்தான்.

"மாமா இருக்கறப்பவே சந்தேகம்தான். சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவர் படுத்துட்டார். அப்புறம் யாருகிட்ட சொல்றது? நீங்க சுவத்தைப் பாத்துக்கினு இருந்தீங்க." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு தபா இதே வீட்டுல தங்காம போச்சு. இந்தத் தபாவும் டாக்டரம்மாவுக்குப் பயமாத்தான் இருக்குது. மாடி ஏறி எறங்கக் கூடாதாம். படுத்தே இருக்கணுமாம். கொஞ்சம் ரத்தம் பட்டாக்கூட படுத்தபடி தூக்கிக்கினு ஓடி வரணுமாம். உக்கார வெக்கவே கூடாதாம், தோள்ல போட்டுக்கினு வர்றது எல்லாம் கூடவே கூடாதாம்."

அவன் வாசல்பக்கம் திரும்பிப் பார்த்தான். கதவுக்கு வெளியே படி இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிருந்து பார்த்தால் அந்த மூலை தெரியாது. பார்க்கவும் வேண்டியதில்லை.

"அந்தப் புது வீடு இருந்திருந்தாலும் கட்டி முடிக்க ஒரு வருசம் ஆகும். அதை நான் பேசலீங்க. ஊருல ஒரு தரை வீடு கிடைக்காதுன்னு உங்களுக்கே தெரியும். அரக்கோணத்துல எங்க அண்ணன் வீடு தரை வீடுதான். வாம்மான்னு லெட்டர் மேல லெட்டரா போட்டுக்கினு இருக்குது. நாளைக்கே போகச் சொன்னாலும் போறேன். ஆனா ரயில் குலுக்கல் ஆகுமான்னு கேட்டேன், டாக்டரம்மா தலையை ஆட்டிட்டாங்க." அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "செத்தவங்களுக்கும் சீக்காளிங்களுக்கும் அங்க நாலடி வாங்கிக் குடுத்துட்டீங்க. நல்லதுங்க. இங்க எனக்கு எத்தினி அடி?"

உட்கார்ந்து உட்கார்ந்து மரத்த காலை ஊன்றினால், ரத்தம் திரும்பும்போது குத்துமே, அப்படி இருந்தது அவனுக்கு. பத்தொன்பது நாளாக எங்கோ நின்றிருந்த அழுகை வந்துவிட்டது. ஜெபதாஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மனைவியின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாய் விட்டு அழுதான். "நைனா, நைனா" என்றுதான் அழுதான். கிருபாபாய் அவன் தலைமேல் கை வைத்தாள். மடித்த புடவை கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு படி இறங்கினான்.

மூலையில் நின்றான். வலது பக்கம் வெளிச்சுவர், ஒன்பது அங்குலம். அதில் கை வைக்க முடியாது. இடது பக்கம் கடைக்கும் படிக்கும் நடுவில் இருக்கிற தடுப்பு. அது நாலரை அங்குலம்தான். மேல்மாடிப் பாரம் எதுவும் அதன்மேல் இறங்கவில்லை. அவன் வரைந்தது, அவனுக்குத் தெரியாதா? மூலை மட்டும் ஒன்றரை அடி உள்ளே போனால் போதும், கட்டில் திரும்பிவிடும். அந்தப் பக்கம் இருப்பது பச்சையப்பன் மூட்டை அடுக்கும் பொந்து. கையை நீட்டினால் இந்தச் சுவர், காலை நீட்டினால் அந்தச் சுவர். இன்று மத்தியானம் அந்த மனுஷரின் பதினேழாம் நம்பர் கடையைப் பிடுங்கியாகிவிட்டது. இப்போது இருக்கிறதிலும் ஒன்றரை அடி கேட்கவேண்டும்.

உள்ளே மூட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஜெபதாஸ் பெட்டி இடித்த கீறலுக்கு எதிரே, அந்தத் தடுப்புச் சுவரில் விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினான்.

மூட்டைச் சத்தம் நின்றது.

"யாரு?" என்றார் பச்சையப்பன்.